பகிர்வக்காவின் கண்ணீர்ப் பயணங்கள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அரசாங்கக் காகிதங்களில் பத்திரமாக இருக்கிறது. ஊரில் யாரும் அதை எடுத்துப் புழங்குவதில்லை. ஊருக்கு அவள் பகிர்வக்கா. நில உரிமைக்காகப் பாடுபடும் அமைப்புகள் கூட்டம் போட்டால், நிகழ்ச்சி நிரலில் தலைமையுரைக்கும் தேநீருக்கும் நடுவே 'அனுபவப் பகிர்வு' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் அவள். நிலத்தை இழந்தவர் ஒருவர் மேடையேறி, இழந்த கதையைச் சொல்லி, முடிந்தால் கொஞ்சம் அழுதுவிட்டு இறங்க வேண்டும். பிறகு எல்லோரும் கனத்த மனத்தோடு தேநீர் குடிக்கப் போவார்கள்.

அவள் நிலத்தை இழந்த கதை சுருக்கமானது. ஆறு ஒதுங்கிப் போன படுகையில் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாகக் கீரையும் காயும் பயிர் செய்துவந்தார்கள். உரிமைப் பத்திரம் என்று ஒன்றும் கிடையாது. ஒருநாள் வெள்ளைக் காரில் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். படுகை மண்ணில் கால் வைத்ததும் பூட்ஸைக் கழற்றினார். ஒரு பிடி மண்ணை எடுத்தார். அழுதார். ஆற்றோரத்தில் கீரை போட்டுப் பிழைத்த தன் அப்பா, வெள்ளத்தில் நிலத்தோடு அடித்துச்செல்லப்பட்ட கதையைச் சொன்னார். "அந்த நெலத்துக்கு மட்டும் ஒரு வேலி இருந்திருந்தா..." என்று சொல்லி, முடிக்க முடியாமல் நிறுத்தினார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, கம்பெனியே இலவசமாக வேலி போட்டுக் கொடுக்கும் என்றார். ஒரு கையெழுத்துதான்.

ஊரே போட்டது. முதலில் போட்டவள் பகிர்வக்காவின் நாத்தனார். அடுத்த வீட்டுக்காரியும் அடுத்த பாத்திக்காரியும் அவள்தான். அந்த ஆளோடு சேர்ந்து தானும் ஒரு மூச்சு அழுது, கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தன் புதுத் துவாலையையும் கொடுத்தாள்.

வேலி வந்தது. சொன்னபடியே இலவசம். நல்ல கனமான கம்பி, துரு ஏறாத கம்பம், எதிலும் குறை சொல்ல முடியாது. என்ன, வேலி போட்டு முடித்தபோது ஊர்க்காரர்கள் அதற்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்ட காகிதம் நீண்டகாலக் குத்தகையாம்.

பகிர்வக்கா மேடையேறியதும் தற்செயல்தான். போக வேண்டியவருக்குக் காய்ச்சல். யாராவது ஒருவர் வேண்டும் என்று இவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். மைக்குக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தாள். மைக் கிறீச்சிட்டது. பயத்தில் சொல்ல வந்தது எல்லாம் மறந்துபோய் அழுதுவிட்டாள். அழுகைக்கு நடுவே ஒரே ஒரு வாக்கியம் வந்தது: "வேலி எங்க பயிரைக் காக்க வரலைங்க. எங்ககிட்டேர்ந்து நெலத்தைக் காக்க வந்திருக்கு."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மைக்கைச் சரியாக வைக்காதவருக்குத்தான் அந்தப் பெருமை போய்ச் சேர வேண்டும், ஆனால் சேரவில்லை. கூட்டத்தை நடத்திய ஒருங்கிணைப்பாளர் அம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கைத்தறி உடுத்துபவர். எதையும் களத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. களத்துக்கு வரும்போது மட்டும் காரிலேயே செருப்பு மாற்றிக்கொள்வார்.

"நீங்க பேசினது ஆன்மாவிலேர்ந்து வந்த குரல். அடுத்த மாசமும் வரணும்" என்றார்.

வந்தாள். அதற்கடுத்த மாதமும் வந்தாள். இதில் அவளுக்கு வருத்தம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாத்தி போனபின் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட, ஓட்டல் அறையில் குழாயைத் திருகினால் வெந்நீர் வருவது நன்றாகத்தான் இருந்தது. கதையும் போகப் போகச் செழித்தது. எங்கே நிறுத்தினால் அரங்கம் மூச்சைப் பிடிக்கும், எங்கே குரல் உடைய வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆனது. பம்புசெட் பழுது பார்க்கும் அவள் வீட்டுக்காரர், "இன்னிக்கு எந்த ஊர்ல அழுகை?" என்று கேட்டுவிட்டுத் தன் ஸ்பேனரைத் தேடப் போய்விடுவார். நாத்தனார்தான் சும்மா விடமாட்டாள். "நெலம் போனது எங்க எல்லாருக்கும். குளிர்சாதனம் மட்டும் இவளுக்கு" என்று வீட்டு வேலியைத் தாண்டிக் கேட்கும்படி சொல்வாள்.

இதற்கிடையில் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த ஏழு அமைப்புகள் சேர்ந்து ஒரு வட்டாரக் கூட்டமைப்பைத் தொடங்கின. நோக்கம் ஒத்துழைப்பு. முதல் கூட்டத்திலேயே பதாகையில் யார் சின்னம் முதலில் வருவது என்று தகராறு வந்தது. விடிய விடியப் பேசி, சின்னங்களை வட்டமாக அச்சடிப்பது என்று முடிவானது. அடுத்த கூட்டத்தில், வட்டத்தின் உச்சியில் யார் சின்னம் இருக்கிறது என்று தகராறு வந்தது. மற்றபடி அவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது. எல்லோரும் எளியவர்களின் பக்கம்தான்.

அந்தக் கூட்டமைப்பின் ஆண்டு மாநாட்டில்தான் பகிர்வக்காவுக்குப் போட்டி முளைத்தது.

மலைக்கு அந்தப் பக்கத்துப் புல்வெளியில் ஆடு மேய்ப்பவர் ஒருவரை இன்னொரு அமைப்பு அழைத்து வந்திருந்தது. நெடுநெடுவென்ற ஆள், இவளைவிடச் சின்னவர். அவர் மேடையேறி, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தார்: "வேலி எங்க ஆட்டைக் காக்க வரலைங்க. எங்ககிட்டேர்ந்து நெலத்தைக் காக்க வருது."

அரங்கம் எழுந்து நின்றது. பகிர்வக்காவும் எழுந்தாள். வேறு காரணத்துக்காக.

தேநீர் மேசைக்குப் பக்கத்தில் அவரை மடக்கினாள். "ஏன் தம்பி, அது யாரு சொன்னது?"

"எதுங்கக்கா?"

"வேலி வசனம்."

ஆட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். "எங்க செயலாளர் எழுதிக் குடுத்தாருக்கா. மனப்பாடம் பண்ண ரெண்டு நாளாச்சு."

"அது என்னுது. நான் அழுது சம்பாதிச்சது. உங்க செயலாளர் முன்வரிசையில உக்காந்து குறிச்சுக்கிட்டு இருந்தப்பவே நெனைச்சேன்."

"உங்களுதா? மன்னிச்சுக்கங்கக்கா. வேணும்னா மத்தியானப் பேச்சுல மாத்திடறேன்."

"மாத்து. ஒங்க ஊர்ல வேலி எங்க போட்டிருக்கான்?"

"இன்னும் போடலக்கா. அடுத்த வாரம்தான் கையெழுத்து."

பகிர்வக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. நிலத்தையே இழக்காத ஆள் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கிறான்! தொழில் தர்மம் என்று ஒன்று இல்லையா? "அப்ப எதுக்குய்யா மேடையேறினே?"

"வேலி வந்தா ஆபத்துன்னு எங்க செயலாளர் சொல்றாரு. எனக்கு அப்படித் தோணல. சும்மா அவருக்காகப் பேசினேன். வேலி போட வர்ற ஆளு தங்கமானவர்க்கா. எங்க புல்லுல கால வெச்சதும் பூட்ஸைக் கழட்டிட்டாரு. ஒரு பிடி மண்ணை எடுத்து..."

பகிர்வக்கா கையிலிருந்த பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது.

"அழுதாரா?"

"தேம்பித் தேம்பி. எங்களுக்கே தாங்கல."

"அவங்கப்பா செத்த கதை சொன்னாரா?"

"ஆமாக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்? பாவம், ஆடு மேய்ச்சவராம். காட்டுத் தீயில மந்தையோட போயிட்டாராம்."

அவள் பிஸ்கட்டை மறந்துபோனாள். அவளுடைய ஊரில் அந்த அப்பா கீரை பயிரிட்டவர், வெள்ளத்தில் போனவர். மலையைத் தாண்டியதும் ஆடு மேய்த்து நெருப்பில் வெந்திருக்கிறார். எந்த ஊருக்குப் போகிறாரோ அந்த ஊர்த் தொழிலைச் செய்து, அந்த ஊருக்குப் பொருத்தமாகச் செத்துக்கொடுக்கும் அப்பா. அவளுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, வெட்கம். கண்ணீரைத் தொழிலாகச் செய்கிற நான், இன்னொருத்தன் தொழிலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேனே என்று.

தன் ஊரில் நடந்ததை ஆட்டுக்காரரிடம் சொன்னாள். இருவரும் சேர்ந்து ஒருங்கிணைப்பாளரிடம் போனார்கள். அவர் கண்களை அகல விரித்துக் கேட்டார்.

"அபாரம். ரொம்ப முக்கியமான கண்டுபிடிப்பு இது. அடுத்த காலாண்டுக் கூட்டத்துல கண்டிப்பா எடுப்போம்."

"கையெழுத்து அடுத்த வாரம்ங்க" என்றார் ஆட்டுக்காரர்.

"அப்படியா?" அவர் சற்று யோசித்தார். "சரி, 'இதர விஷயங்கள்'னு ஒரு தலைப்பு இருக்கு. அதுல சேர்த்துடலாம். ஆனா பாருங்க, அக்கா வர்றது படுகைத் துணைக்குழு. நீங்க புல்வெளித் துணைக்குழு. ரெண்டையும் தொடற விஷயம்னா கூட்டுக்குழு வேணும். கூட்டுக்குழு அமைக்க ஏழு பேரும் ஒப்புதல் குடுக்கணும்."

ஆட்டுக்காரரின் செயலாளரும் வந்து சேர்ந்தார். கண்டுபிடித்தவர் தங்கள் ஆள் என்று அவர் சொல்ல, விசாரித்தவர் தங்கள் ஆள் என்று இவர் சொல்ல, இரண்டு பேரும் தேநீர் ஆறும்வரை ஒத்துழைத்தார்கள். ஆட்டுக்காரர் பகிர்வக்காவின் பக்கம் குனிந்து, "அக்கா, நீங்களே வந்து எங்க சனங்ககிட்ட சொல்லிடுங்களேன். நான் சொன்னா நம்பமாட்டாங்க. அந்தாளு அழுகை அப்படி" என்றார்.

வீட்டுக்கு வந்து துணி எடுத்து வைத்தாள். "எந்த ஓட்டல்?" என்றார் வீட்டுக்காரர்.

"ஓட்டல் இல்ல. ஆட்டுப்பட்டி."

அவர் முதல்முறையாக ஸ்பேனரைக் கீழே வைத்தார். விஷயத்தைக் கேட்டதும், "சாட்சிக்கு இன்னொரு ஆள் வேணாமா? நீ சொன்னா நடிக்கிறேன்னு நெனைச்சுடப் போறாங்க" என்றார். உண்மை அப்படித்தான் முகத்தில் அடிக்கும். சாட்சி யார்? அந்த ஆளுக்கு மிக அருகில் நின்று அழுதவள் ஒருத்திதான்.

நாத்தனார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்தாளு வருவானா?"

"வருவான் அண்ணி."

"அப்ப என் துவாலையையும் கேட்டுடலாம். கெளம்பு."

பேருந்தில் வழி நெடுகச் சண்டை. ஜன்னலோரம் யாருக்கு என்பதில் தொடங்கி, கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பதுவரை போனது. மலை ஏறியபோது நாத்தனாருக்கு வாந்தி. பகிர்வக்கா முதுகைத் தடவிவிட்டாள். தடவும்போதும் சண்டை நிற்கவில்லை, சத்தம் மட்டும் குறைந்தது.

புல்வெளி ஊரில் ஆட்களெல்லாம் தகரக் கொட்டகையில் கூடியிருந்தார்கள். இரண்டு பெண்களும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தார்கள். ஆட்டுக்காரர், "முதல்ல அவர் பேசட்டும். பேச்ச முழுசாக் கேளுங்க" என்று மட்டும் தன் ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

வெள்ளைக் கார் வந்தது. பூட்ஸ் கழன்றது. மண் கைக்கு வந்தது. கண்ணீர் அதற்கு முன்பே வந்திருந்தது.

"எனக்கு அப்ப பத்து வயசு. வீட்டுக்கு ஒரே புள்ள" என்று ஆரம்பித்தார் கம்பெனி ஆள். காடு பற்றிக்கொண்டது. அப்பா மந்தைக்குள் ஓடினார். "கடைசிக் குட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தாரு. குட்டி பொழைச்சுது. அவரு..." நிறுத்தினார். கொட்டகையில் மூக்கு உறிஞ்சும் சத்தம். பகிர்வக்காவே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எவ்வளவு சுத்தமான நிறுத்தம்! தான் எந்த மாநாட்டிலும் இப்படி நிறுத்தியதில்லை என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறாள், கால் வரவில்லை.

நாத்தனார் எழுந்தாள்.

"ஏன் தம்பி, உங்கப்பா எங்க ஊர்ல வெள்ளத்துல போனாரே. அப்புறம் எப்படி நெருப்புல வந்து செத்தாரு?"

அந்த ஆள் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. திறமைசாலிதான். "அது பெரியப்பாம்மா."

"எங்க ஊர்லயும் உங்களுக்குப் பத்து வயசு. அங்கயும் ஒரே புள்ள. பெரியப்பாவுக்கும் நீங்களேதான் புள்ளையா?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். நாத்தனார் தலைத் துணியை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "கண்ணத் தொடைச்சுக்க என் துவாலையக் குடுத்தேன். புதுசு. நெலத்தோட சேத்து அதையும் எடுத்துட்டுப் போயிட்டீங்க. நெலம் கம்பெனிக்கு, சரி. துவாலை எதுக்கு?"

கொட்டகை வெடித்தது. சிரிப்பு ஒரு பக்கமிருந்து மறு பக்கம் உருண்டுபோனது. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே யாராலும் அழ முடியவில்லை. அந்த ஆளே முயன்று பார்த்தார், வரவில்லை. அப்போதுதான் பகிர்வக்காவுக்குக் கால் வந்தது. எழுந்து தன் ஊரின் கதையைச் சொன்னாள். உருக்கமில்லாமல், ஒரு நிறுத்தமும் வைக்காமல், கீரை விலை சொல்வதைப் போலச் சொன்னாள். யாரும் கைதட்டவில்லை. யாரும் கையெழுத்தும் போடவில்லை.

கம்பெனி ஆள் பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றின் கயிற்றை ஆட்டுக்குட்டி ஒன்று மென்றுகொண்டிருந்தது. பகிர்வக்கா அதன் வாயிலிருந்து பிடுங்கிக் கொடுத்தாள்.

"நீங்களும் ஊர் ஊராப் போய் அழறவங்கதானேக்கா?" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "மாநாட்டு நோட்டீஸ்ல உங்க படத்தப் பாத்திருக்கேன்."

"எனக்கு உண்மையாவே நெலம் போச்சு."

"எங்கப்பாவுக்கும் உண்மையாவேதான் போச்சு." கார்க் கதவைச் சாத்திக்கொண்டார். அது பொய்யா மெய்யா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அன்று பேருந்தில் ஜன்னலோரத்தை நாத்தனாருக்கே விட்டுக்கொடுத்தாள்.

அதன்பின் நடந்தது இது. குத்தகையை எதிர்த்து ஊர்க்காரர்கள் எப்போதோ போட்டிருந்த படுகை வழக்கு நில அலுவலகத்தில் தூசி தின்றுகொண்டிருந்தது. விசாரணை நாளன்று ஆட்டுக்காரரும் அவர் ஆட்களும் ஒரு லாரியில் வந்து இறங்கினார்கள். அறை முழுக்க ஆட்டு வாசனை. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அதிகாரி, ஒரே அப்பா இரண்டு விதமாகச் செத்த கதையைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சட்டத்துக்காகவா ரசனைக்காகவா என்பது அவருக்கே வெளிச்சம். ஏமாற்றி வாங்கிய கையெழுத்தாகத் தெரிவதால், இறுதி முடிவு வரும்வரை குத்தகை நிறுத்திவைக்கப்படுகிறது, வேலியின் கதவு திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவானது. இடைக்கால உத்தரவுதான். உரிமைப் பத்திரம் இன்னும் வரவில்லை. ஆனால் கீரைக்கு இடைக்காலம் போதும். அது சீக்கிரம் வளரும்.

கூட்டமைப்பு சும்மா இருக்குமா? 'எல்லை கடந்த ஒத்துழைப்பின் வெற்றி' என்று வழவழத் தாளில் ஓர் அறிக்கை போட்டது. ஏழு அமைப்புகளும் தனித்தனியாகத் தத்தம் ஆண்டறிக்கையிலும் அதே வெற்றியைப் போட்டுக்கொண்டன. ஆக மொத்தம் எட்டு வெற்றி. துவாலை எதிலும் இடம்பெறவில்லை. ஒருங்கிணைப்பாளர் நேரில் வந்து பகிர்வக்காவை 'வெற்றிக் கதை' சொல்ல அழைத்தார். அவளும் போனாள். போகாமல் இருக்க அவள் என்ன துறவியா? மேடையில் கொட்டகைக் காட்சிக்கு வந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்கச் சிரித்தாள். அரங்கம் தயங்கித் தயங்கித் தட்டியது. தேநீர் இடைவேளையில் ஒருங்கிணைப்பாளர், "நல்லாதான் இருந்தது. கொஞ்சம் ஆழம் கொறைஞ்ச மாதிரி" என்றார். அடுத்த மாநாட்டுக்கு வேறு ஒருத்தியை அழைத்தார்கள். அவளுக்கு நிலம் புதிதாகப் போயிருந்தது.

பகிர்வக்கா அந்தப் புதியவளின் எண்ணை வாங்கிக்கொண்டாள். கூட்டங்களில் பழக்கமான மற்றவர்களின் எண்களும் அவளிடம் இருந்தன: மீன்பிடிக்கிற அண்ணன், தேன் எடுக்கிறவர், களத்து மேட்டைப் பறிகொடுத்த தம்பதி. எல்லோரையும் போனில் ஒரு குழுவாகச் சேர்த்தாள். அதற்குத் தலைவர் கிடையாது, சின்னம் கிடையாது. காலை வணக்கப் பூப்படங்களும் யார் வீட்டுப் பிள்ளையோ ஆடுகிற வீடியோக்களும்தான் நிறைய வரும். நடுநடுவே, "எங்க ஊருக்குள்ள ஒரு கார் வந்திருக்கு, இந்தாள் யாருன்னு தெரியுமா?" என்று ஒரு படம் வரும். தெரிந்தவர் சொல்வார். ஒருமுறை மீன்பிடிக்கிற அண்ணன் அனுப்பிய படத்தில் இருந்தது நம்ம ஆளேதான். வேறு கம்பெனித் தொப்பி. அப்பா அங்கே புயலில் போயிருந்தார்.

ஆட்டுக்காரரோடு இன்னொரு ஏற்பாடும் ஆனது. அறுவடை முடிந்த பாத்திகளில் அவருடைய மந்தை வந்து மேய்ந்துவிட்டுப் போகலாம். மேய்ச்சல் அவர்களுக்கு, எரு இவர்களுக்கு. பகிர்வக்காவும் அவரும் போனிலேயே பேசி முடித்த விஷயம். முதல் வருஷம் மந்தை மலையிறங்கி வந்தபோது ஒரே கொண்டாட்டம். அன்றைக்கே பாதி மந்தை, இன்னும் அறுக்காத நாத்தனாரின் முளைக்கீரைக்குள் புகுந்துவிட்டது.

"இதுக்கு அந்தக் கம்பெனிக்காரனே தேவலாம்! அவன் கீரைய விட்டுட்டு நெலத்தத்தான் தின்னான்!" என்று நாத்தனார் வரப்பில் நின்று கத்தினாள்.

"உங்க கீரைக்கு ஒரு வேலி போட்டுக்கக் கூடாதாக்கா?" என்று ஆட்டுக்காரர் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். அவள் கையிலிருந்த கூடை பறந்தது. வீட்டுக்காரர் ஓடிவந்து நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஒருங்கிணைப்பாளர், அறிக்கையின் அடுத்த பதிப்புக்காகப் புகைப்படக்காரர் ஒருவரோடு காரில் வந்து இறங்கினார். "ஒத்துழைப்பு தெரியற மாதிரி ஒரு படம் எடுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பு மாற்றக் காருக்குள் போனார். புகைப்படக்காரர் கத்துகிறவர்களை ஒருமுறை பார்த்தார், கூடையை ஒருமுறை பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, தோளோடு தோள் உரசிக் கீரை தின்றுகொண்டிருந்த ஆடுகளைப் படமெடுக்க ஆரம்பித்தார்.